மருந்து ரூமுக்குப் போகும் முன்

ஆன்லைன் பயிற்சியில் எந்தப் பாடத்தைப் பூட்டுவது, எதைத் திறந்து போடுவது? பட்டாசு ஊரிலிருந்து ஒரு பார்வை

விருதுநகர் மாவட்டத்தின் தாயில்பட்டி வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் செல்போனை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பீடி, தீப்பெட்டியைப் போலவே போனும் அங்கே தடைசெய்யப்பட்ட சாமான். உள்ளே போனால் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். அறை எண், அங்கே நடக்கும் வேலை, எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். வேலை நடக்கும் அறைக்கு நாலு பேர்தான் கணக்கு. அஞ்சாவதாக ஒருவர் உள்ளே வந்து கதை பேசினாலும் விதிமீறல். வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பிலுள்ள மின்னேற்றம் இறங்க அதைத் தொட்டுவிட்டு ரப்பர் விரிப்பில் கால் வைக்க வேண்டும். பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார்கள், பருத்தியில். நைலான் சேலை உரசினால் என்ன ஆகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் கலக்கிற மருந்து ரூமுக்குள் எல்லாரும் போய்விட முடியாது. புதிதாகச் சேர்ந்தவர் காகிதக் குழாய் சுருட்டுவார், பெட்டி போடுவார். கை பழகிய பிறகுதான் மருந்து செலுத்தும் வேலை. கலவை கடைசியில்தான் வரும். விதியும் வழக்கமும் சொல்கிற முறை இது. முறை தவறுகிற இடங்களின் பெயர்தான் மறுநாள் பேப்பரில் வருகிறது.

இந்த ஏற்பாட்டை ஆன்லைன் பயிற்சி நடத்துகிற ஒருவரிடம் விவரித்தால், தன் தொழிலைப் பற்றிப் பேசுவதாகவே நினைத்துக்கொள்வார். யார், எந்தப் பாடத்துக்குள், எப்போது, எதை முடித்த பிறகு நுழையலாம் என்று தீர்மானிப்பதுதான் அவருடைய அன்றாட வேலை. நாடெங்கும் கல்லூரி, வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என்று பயிற்சிகள் செல்போனுக்கு வந்துவிட்ட காலத்தில், பட்டாசுத் தொழிலாளியின் பாதுகாப்புப் பயிற்சியும் என்றைக்காவது அந்தச் சின்னத் திரைக்கு வரும். பாடத்தை யார் எழுதுவது, யார் குரலில் சொல்வது என்பதெல்லாம் பிறகு. பூட்டை எங்கே போடுவது என்பதை முதலில் பேசியாக வேண்டும்.

கண் திறந்த பூட்டு

மூடில் என்று ஒரு மென்பொருள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கியது. 2002-ல் முதல் பதிப்பு வந்தது. இலவசம் என்பதால் உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் பரவியது. நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றிலும் இருக்கிறது. அதில் ஒரு பாடத்தைச் சேர்க்கும்போது, அதற்குள் நுழைய நிபந்தனை போட ஒரு பகுதி உண்டு. இந்தத் தேதிக்குப் பிறகு திற. முந்தைய பாடத்தை முடித்தவருக்குத் திற. தேர்வில் இத்தனை மதிப்பெண் எடுத்தவருக்குத் திற. இந்தக் குழுவில் உள்ளவருக்கு மட்டும் திற. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தும் போடலாம். நிபந்தனை போடும் வசதி 2010-ல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து இருக்கிறது.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அதை ஒரு தட்டு தட்டினால் கண்ணில் கோடு விழும், இன்னொரு தட்டு தட்டினால் கோடு போய்விடும். கண் திறந்திருந்தால், பூட்டிய பாடம் மாணவருக்கு மங்கலாகத் தெரியும். எதை முடித்தால் அது திறக்கும் என்ற குறிப்பும் கூடவே வரும். கோடு விழுந்திருந்தால் அப்படி ஒரு பாடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆசிரியரைப் பொறுத்தவரை அது ஒரு தட்டு. மாணவருக்கோ இரண்டும் இரண்டு உலகம். ஆலைச் சுவரில் எழுதியிருக்கிறதே, அது கண் திறந்த பூட்டு. நீ இங்கே வரக்கூடாது, ஏனென்றால் உள்ளே இது நடக்கிறது என்று காரணத்தையும் சொல்லித்தான் நிறுத்துகிறது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு நடத்தும் பயிற்சிகளில் பெரும்பாலும் கண்ணை மூடித்தான் வைக்கின்றன. மேலாளருக்கு ஒரு பாடத்திட்டம், அடிமட்டத் தொழிலாளிக்கு ஒரு பாடத்திட்டம். மேலே என்ன கற்றுத் தருகிறார்கள் என்று கீழே இருப்பவருக்குத் தெரிவதில்லை.

பூட்டுகளை வரிசையாகப் பார்த்தால், எது யாருக்காகப் போடப்பட்டது என்பது விளங்கிவிடும். முந்தையதை முடித்தால் அடுத்தது என்ற பூட்டு, நியாயமாகப் போட்டால், கற்பவருக்காக. இந்தத் தேதியோடு பாடம் மூடப்படும் என்ற பூட்டு அலுவலகத்துக்காக. அறிக்கை அனுப்ப வேண்டும், கணக்கு முடிக்க வேண்டும். பணம் கட்டினால் திறக்கும் பூட்டு கடைக்காரருக்காக. மூன்றும் ஒரே திரையில், ஒரே சின்னப் பூட்டுப் படத்தோடுதான் வருகின்றன. அதனால் நாம் மூன்றையும் ஒன்றுபோலத் திட்டுகிறோம், அல்லது ஒன்றுபோலப் பொறுத்துக்கொள்கிறோம்.

மிட்டாய் தரும் இயந்திரம்

முந்தையதை முடித்தால் அடுத்தது என்ற வரிசைப் பூட்டுக்கு வயது நூறாகிறது. அமெரிக்காவின் ஓகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி பிரெஸ்ஸி என்ற உளவியல் பேராசிரியர் 1920களில் ஒரு பெட்டி செய்தார். சின்ன ஜன்னலில் ஒரு கேள்வி தெரியும், பக்கத்தில் நாலு பொத்தான்கள். தேர்வு வைக்கும்போது எதை அழுத்தினாலும் அடுத்த கேள்வி வந்துவிடும். பெட்டி மதிப்பெண்ணை மட்டும் எண்ணிக்கொள்ளும். ஒரு நெம்புகோலை மாற்றினால் அதுவே வாத்தியார் ஆகிவிடும். சரியான பொத்தானை அழுத்தும் வரை கேள்வி நகராது. சரியாகச் சொன்னவருக்கு மிட்டாய் தருகிற துணைக்கருவியும் அவர் செய்துவைத்திருந்தார்! இன்று செல்போன் செயலிகள் திரையில் நட்சத்திரம் தூவுகின்றன. மிட்டாய் எவ்வளவோ தேவலை.

1968-ல் ஃபிரெட் கெல்லர் என்ற இன்னொரு உளவியலாளர் இதை முறைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அவர் முறையில் ஒரு அலகைச் சரியாகக் கற்றுத் தேறாமல் அடுத்த அலகு கையில் கிடைக்காது. ஆனால் தேறாமல் போனால் தண்டனையும் கிடையாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். அவரவர் வேகத்தில் போகலாம். கதவு கெட்டிதான், காவலுக்குக் கடிகாரம் இல்லை. இப்போது வரும் பயிற்சிகள் கெல்லரின் கதவை எடுத்துக்கொண்டன. அவர் கொடுத்த அவகாசத்தை மட்டும் விட்டுவிட்டன.

ஓ.டி.பி. வரும் நேரம்

இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் படிப்பு புதிதில்லை. பட்டாசு வேலைக்குப் போகும் அம்மா அப்பாக்களின் பிள்ளைகள் சிவகாசி, சாத்தூர் கல்லூரிகளில் படிக்கிறார்கள். 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகள் அவர்களுடைய கல்லூரிக்கும் வருகின்றன. கல்லூரி வழியாகப் பதிவு, அந்தப் பருவத்துக்கு ஒதுக்கிய படிப்பு என்பதுதான் அதன் அமைப்பு. பதிவேட்டில் பேர் இருப்பவருக்குக் கதவு திறக்கும். படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போய்விட்ட அண்ணனுக்குத் திறக்காது.

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல் வேறு மாதிரி. பாடக் காணொளிகள் யூடியூபில் கிடக்கின்றன; எவரும் எப்போதும் பார்க்கலாம். படிப்பில் சேரவும் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். 12 வாரப் படிப்பு என்றால் வாரப் பயிற்சிகளில் சிறந்த 8-க்குத்தான் கணக்கு. அதற்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10, தேர்வில் 30 தாண்டாவிட்டால் சான்றிதழ் இல்லை. அதாவது பாடம் திறந்தே இருக்கிறது, சான்றிதழில்தான் பூட்டு. நாலு வாரம் உடம்புக்கு முடியாமல் போனாலும் சமாளிக்கலாம் என்ற இடைவெளியை விட்டிருக்கிறார்களே, அந்த விதியைப் போட்டவர் பிள்ளைகளின் வீட்டு நிலைமை தெரிந்தவர் என்று எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் காகிதத்தில். நடப்பில் கதவின் சாவி ஆறு இலக்க ஓ.டி.பி.யாக வருகிறது. வீட்டுக்கு ஒரு போன், அது அம்மாவின் எண். காலை பத்து மணிக்கு மகள் கல்லூரியில் உட்கார்ந்து உள்ளே நுழையப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. சரியாக வந்துவிடும், ஆலை வாசலில் விட்டுவிட்டுப் போன போனுக்கு. சாயங்காலம் அம்மா போனைக் கையில் வாங்கும்போது அது காலாவதியாகிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். கொரோனா காலத்தில் ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டதைப் பார்த்த பிறகும், ஆளுக்கொரு போன் இருக்கிறது என்ற நினைப்பிலேயே நுழைவாயில்களைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பதிவேட்டில் இல்லாதவர்கள்

இப்போது பாதுகாப்புப் பயிற்சிக்கு வருவோம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் பட்டாசுத் தொழிலாளர்களுக்கும் போர்மேன்களுக்கும் சிவகாசியில் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. வெடிபொருள் உரிமம் தருகிற பெசோவின் அலுவலகமும் சிவகாசியில் உண்டு. ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் பயிற்சியைப் பற்றிய பேச்சு வலுக்கும். ஆலை தன் ஆட்களை அனுப்ப வேண்டும், ஆட்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். பதிவேட்டில் பேர் ஏறும்.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 38 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலைக்காரர்களே இல்லை. முதல் தீயைப் பார்த்து உதவ ஓடியவர்கள், வேடிக்கை பார்க்கப் போனவர்கள். பட்டாசு ஆலையில் தீ என்றால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், மேகசின் என்கிற வெடிமருந்துக் கிடங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்ற பாடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. எந்த ஆலையின் சம்பளப் பட்டியலிலும் அவர்கள் இல்லையே.

2021 ஜூனில் தாயில்பட்டி கலைஞர் காலனியில் ஒரு வீட்டில் வைத்துப் பட்டாசு செய்தபோது வெடித்தது. சின்னக் குழந்தை உட்பட 3 பேர் போனார்கள். வீட்டில் வைத்துச் செய்வது சட்டவிரோதம். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் அதற்காகக் கைது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அந்த வீடுகளில் வேலை செய்கிறவர்கள் எந்த உரிமத்தின் கீழும் வருவதில்லை. ஆகவே எந்த லாகினும் அவர்களுக்குக் கிடைக்காது. அதே 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த ஆலையில் உரிமம் ஒருவர் பேரில் இருந்தது. அறைகள் உள்குத்தகையாகப் பலர் கைக்குப் போயிருந்தன. உள்குத்தகைக்காரரிடம் வேலைக்கு வந்த ஆளைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியவர் யார்?

நாளைக்கு இந்தப் பயிற்சி செயலியாக வந்தால், நிறுவனம் பதிவு செய்த தொழிலாளிக்கு மட்டும் லாகின் என்பதுதான் எந்த மென்பொருள் நிறுவனத்துக்கும் முதலில் தோன்றும். சுலபம், சுத்தமான பட்டியல், கணக்கு நேராக இருக்கும். ஆனால் யாருக்கு உயிர் ஆபத்து அதிகமோ அவரைத்தான் அந்தப் பூட்டு முதலில் வெளியே நிறுத்தும். உராய்வு, ஈரம், வெயில், மீந்த மருந்தை ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் காலையில் தொடுவது, இரும்புக் கருவி, நைலான் துணி, தீப்பிடித்தால் ஓடும் திசை ஆகியவை பற்றிய பாடங்களுக்குக் கதவே இருக்கக்கூடாது. லாகின் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். தாயில்பட்டி டீக்கடையில் இருப்பவரும், பெட்டிக்கடைக்காரரும், பள்ளிக்கூடப் பிள்ளையும் பார்க்கட்டும். "வீட்டில் செய்கிறவனுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் சட்டவிரோதத்துக்குத் துணைபோனது ஆகாதா?" என்று ஓர் அதிகாரி கேட்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை எந்தச் சட்டத்தை மீறியது?

நாக்பூரின் இரண்டு கதவுகள்

எல்லாவற்றையும் திறந்து போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் நாக்பூர் என்றால் ஆரஞ்சுப்பழம் இல்லை, லைசென்ஸ். பெசோவின் தலைமையகம் அங்கே இருக்கிறது. 15 கிலோ வரை மருந்து வைக்கிற சின்ன ஆலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், அதற்கு மேல் சென்னை லைசென்ஸ், பெரிய ஆலைக்கு நாக்பூர் லைசென்ஸ் என்று பெண் பார்க்கும் வீட்டில்கூடப் பேச்சு வரும். நீரி என்ற மத்திய ஆய்வு நிறுவனத்தின் தலைமையகமும் அதே நாக்பூர்தான்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. பேரியம் நைட்ரேட்டை இங்கே பச்சை உப்பு என்பார்கள். அது இல்லாமல் தொழிலே இல்லை என்று ஊரே கலங்கியிருந்த நேரத்தில், 2019-ல் நீரி பசுமைப் பட்டாசுக்கான கலவை முறைகளைக் கொண்டுவந்தது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று பேர். அந்தக் கலவையின் அளவுகளை இணையத்தில் போட்டுவிடவில்லை. உரிமம் உள்ள உற்பத்தியாளர் ஒப்பந்தம் போட்டு, ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்ட பிறகே கலவை முறை கைக்கு வந்தது. இது சரியான இடத்தில் போட்ட பூட்டு. மருந்துக் கலவையின் விகிதம் லைசென்ஸ் இல்லாதவர் போனில் சுற்றினால் கலைஞர் காலனிகள் பெருகும்.

ஆனாலும் இதில் ஒரு சங்கடம் உண்டு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தாவுக்குப் போய் வந்ததிலிருந்துதான் சிவகாசியின் கதையே தொடங்குகிறது. வெளியூர்த் தொழிலறிவை உள்ளூருக்குக் கொண்டு வந்து கொழித்த ஊர் இது. பின்னால் வந்த ஒவ்வொருவரும் இன்னொருவர் கையைப் பார்த்தே கற்றார்கள். கலவை இன்றைக்கும் கையிலிருந்து கைக்குத்தான் போகிறது. ஒப்பந்தத்தில் முதலாளி கையெழுத்துப் போடுகிறார், கலக்குகிறவர் வேறு ஆள். அந்த ஆளுக்கு விகிதம் மட்டும் போய்ச் சேர்ந்து, இந்தப் பொருளோடு அந்தப் பொருள் ஏன் சேரக்கூடாது என்ற காரணம் சேராமல் போனால் பூட்டுப் போட்டும் பிரயோசனம் இல்லை. அளவு பூட்டில் இருக்கட்டும். காரணம் திறந்த பாடத்தில் இருக்க வேண்டும்.

ஓடவிட்டு வைத்த காணொளி

பயிற்சி நிறுவனங்களுக்குப் பிடித்த இன்னொரு பூட்டு, காணொளியைத் தள்ளி ஓட்ட விடாமல் தடுப்பது. நாற்பது நிமிடப் பாடம் என்றால் நாற்பது நிமிடமும் ஓடி முடிந்தால்தான் அடுத்தது திறக்கும். அலுவலகம் போகிறவர்களுக்கு இதன் மாற்று மருந்து தெரியும்: போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தைக் குறைத்து, சோறு வடிக்கப் போய்விடுவது. போன் முழுப் பயிற்சியையும் பெற்றுவிடும். காலை முதல் சாயங்காலம் வரை குனிந்து மருந்து செலுத்திவிட்டு வந்த ஒரு அம்மாவிடம் ராத்திரி எட்டு மணிக்கு இதைச் செய்யாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலை அளவுக்குக் கூலி வாங்குகிறவருக்குப் பயிற்சி நேரத்துக்கும் கூலி தர வேண்டும். அது தராமல் நிமிடத்தை எண்ணுகிற பூட்டு போடுவது வீம்பு.

மருந்து ரூமுக்குப் போகும் முன் கட்டாயமாக ஒரு பூட்டு வேண்டும்தான். அது நிமிடத்தை எண்ணாமல் ஆளைச் சோதிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற மாதிரி, படம் காட்டி, கரிசல் பேச்சில் கேள்வி கேட்கலாம். இந்தப் படத்தில் எது தப்பு, தொட்டுக் காட்டு. தவறினால் திரும்பவும் பாடம், திரும்பவும் கேள்வி, கெல்லர் சொன்ன மாதிரி தண்டனை இல்லாமல். அதற்கும் மேலே கடைசிச் சோதனையைத் திரையில் வைக்காமல் ஆலையிலேயே போர்மேன் முன்னால் வைக்கலாம்: சல்லடை பிடிப்பது, மீதி மருந்தை ஒப்படைப்பது, தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வருவது. போர்மேன் கையெழுத்துப் போட்டால்தான் அந்த ஆளின் பேருக்குக் கலவை அறை திறக்கும்.

முடித்துவிட்டால் பாடம் மூடிக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருக்கிறதே, அதை இங்கே கொண்டு வரவே கூடாது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் நெருக்கும், கை வேகம் கூடும். சித்திரை வெயிலில் அறை கொதிக்கும். தை மாதம் படித்துத் தேறியவருக்கு அந்த நாட்களில் மறுபடியும் ஒருதரம் பார்க்கத் தோன்றினால் பாடம் அங்கே இருக்க வேண்டும். காலாவதி ஆக வேண்டியது சான்றிதழ். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கச் சொல்லலாம்.

அந்தச் சான்றிதழ் யார் கையில் இருக்கும் என்பதும் மிச்சமிருக்கிறது. இப்போது பயிற்சிப் பதிவு ஆலையின் கோப்பில் இருக்கிறது. தொழிலாளி அடுத்த சீசனில் வெற்றிலையூரணிப் பக்கம் வேறு ஆலைக்கு மாறினால், அங்கே அவர் புது ஆள். பழைய ஆலை லாகினை நிறுத்தியிருக்கும். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கென்று அரசு நல வாரியம் வைத்திருக்கிறது. உறுப்பினர் எண்ணும் தருகிறது. பயிற்சிப் பதிவை அந்த எண்ணோடு கட்டிவிட்டால் ஆலை மாறினாலும், உரிமம் கை மாறினாலும், எந்த அறை வரைக்கும் அவர் தேறியிருக்கிறார் என்பது அவர் கூடவே வரும். உள்குத்தகைக்காரர் கலவைக்கு ஆள் நிறுத்தும்போது, ஆய்வுக்கு வருகிற அதிகாரி அந்த எண்ணைக் கேட்டுப் பார்க்கலாம்.